ஒரே நாளில் பறித்த கதிர்கள்

ஐந்து இருபதுக்கு அலாரம் அடித்தது. அவன் அதை அணைத்தான். பக்கத்தில் அவள் இல்லை. குளியலறையில் விளக்கு எரிந்தது.

அடுப்பைப் பற்றவைத்துத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். இரண்டு கோப்பைகளைக் கழுவினான். முதல் நாள் துவைத்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துத் தேய்த்தான். தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு மூடினான். மூன்று நிமிடம் கழித்து வடிகட்டினான். அவளுக்குச் சர்க்கரை இல்லாமல். தனக்கு ஒன்றரைக் கரண்டி.

குளியலறை வாசலில் நின்று கோப்பையை நீட்டினான். அவள் வாங்காமல் முக்காலியில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே நீல பிளாஸ்டிக் தொட்டி. துணி ஊறவைக்க வாங்கியது. ஐந்து நாளாக அதில் ஈரத் துணி சுற்றிய கோதுமைக் கதிர்கள் கிடந்தன. குளிக்கப் போகிறவர் அதைக் காலால் மூலைக்குத் தள்ள வேண்டும். குளித்து முடித்ததும் பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். சோப்பு நுரை ஒரு துளி தெறித்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சு இருக்காது.

“எத்தன?” என்றான்.

“இரு.”

புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொரு கதிராக எடுத்துப் புரட்டிப் பார்த்து இடது பக்கமோ வலது பக்கமோ வைத்தாள். இடது பக்கம் உயர்ந்துகொண்டே போனது. மணிகளுக்கு நடுவே வெள்ளை வேர்கள் தாடி மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

“அம்பதுல முப்பத்தெட்டு,” என்றாள்.

அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிப் பண்ணை விவசாயிகளுடையது. அரசாங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லை. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் அவர்களே ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொடுத்து, நல்ல கோதுமை ரகம் ஒன்றை உருவாக்கிக் கொடு என்று அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள். ஒன்பது வருடம். ஆயிரக்கணக்கில் கலப்பு செய்து, கழித்து, கழித்து, கடைசியில் நின்றது பதினேழாம் எண். நல்ல விளைச்சல், சாயாத தண்டு. அடுத்த வாரம் அறுவடை. அந்த வயல் விதையாக மூட்டை கட்டப்பட்டு அறுபது பேருக்குப் போவதா, இல்லை மாவாக மில்லுக்குப் போவதா என்பதை இன்று பதினோரு மணிக்குக் கமிட்டி கூடி முடிவு செய்யும்.

அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் நல்ல ரகம் கதிருக்குள் தூங்கும். கெட்ட ரகம் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும். முளைத்ததை எந்த மில்லும் வாங்காது. ஈரத் துணிச் சோதனை அதற்குத்தான்.

“மூணு வருஷமா பாஸாச்சே,” என்றான்.

“எப்படி ஆகாம இருக்கும்? பச்சையா பறிச்சா எது முளைக்கும்?” இடுக்கியைக் கீழே வைத்தாள். “இருபத்தஞ்சு ரகத்தையும் ஒரே நாள்ல பறிச்சோம். அதான் நியாயம்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் ஒரே நாள், ஒரே துணி, ஒரே தண்ணி. பதினேழு மட்டும் ஒம்பது நாள் லேட்டா பழுக்கும். மத்ததெல்லாம் பழுத்து நிக்குது, இது பாதி பச்சை. இந்தத் தடவ பழுக்கற வரைக்கும் விட்டுட்டு நானே பறிச்சேன். பாத்துக்கோ.”

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தில் ஒரு வேலை இருந்தது. குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் இருந்தான் அவன். ஒரு தெருவின் குழாய்ப் பாதையை மாற்றி வரைய வேண்டும்.

“கேக்கறியா?”

“ம்.”

“‘எல்லா ரகங்களையும் ஒரே நாளில் பறிக்கவும்.’ அந்த விதிய எழுதினது நான்தான். கீழ என் கையெழுத்து இருக்கு.”

“ம்.”

நோட்டை எடுத்தவள், ‘17, 50 கதிர்’ என்று எழுதி அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டாள். இரண்டு தரம் எண்ணாமல் எதையும் எழுத மாட்டாள். கதிர்களைத் திரும்பத் துணியில் சுற்றித் தொட்டியில் வைத்தாள். தேநீரை நின்றபடியே குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

ஏழு நாற்பதுக்கு வண்டியை வெளியே தள்ளினாள். அவன் கேட்டைத் திறந்துவிட்டான். அவள் போனாள்.

ஒன்பது ஐம்பதுக்கு ஃபோன் வந்தது. பண்ணையின் வயல் உதவியாளர். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார்; பேனா மை மழையில் கரைந்துவிடும் என்பதால் கதிர்ச் சீட்டுகளில் பென்சிலால் மட்டுமே எழுதுவார். இருபது வருடத்தில் அவர் பெயரே பென்சில் என்றாகிவிட்டது.

“சார், மேடம் வரப்புல உக்காந்துட்டாங்க.”

“உக்காந்தா என்ன?”

“எந்திரிக்க மாட்டேங்கறாங்க, சார்.”

ஆஸ்பத்திரியில் பேசிய டாக்டர் அவனைவிட இளையவர். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார். பிறந்ததிலிருந்தே அந்த இடத்தில் குழாய் பலவீனமாக இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது என்றார். ‘யாருக்கும்’ என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னார். பன்னிரண்டு இருபதுக்கு வெளியே வந்து தலையை ஆட்டினார். ஒரு படிவம் கொடுத்தார்கள். உறவு என்ற கட்டத்தில் கணவர் என்று எழுதினான். வயது என்ற கட்டத்தில் தன் வயதை எழுதி, அடித்து, அவளுடையதை எழுதினான். முப்பத்து மூன்று.

பென்சில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை வாய்க்கால் சேறு.

“பதினேழு பக்கம்தான் போய்க்கிட்டிருந்தாங்க, சார். ‘இன்னைக்கு ஒண்ணு சொல்லணும், கூட்டத்துல சொல்றேன்’னாங்க. என்னன்னு கேட்டேன். ‘உனக்கும் அங்கதான்’னாங்க.”

அவன் அவர் காலில் ஒட்டிய சேறு காய்ந்து தரையில் உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஆறரைக்கு முகம் கழுவப் போனான். உள்ளே கால் வைத்ததும் வலது கால் தானாகப் பக்கவாட்டில் தள்ளியது. தள்ள ஒன்றுமில்லை. தரை காய்ந்து சுத்தமாக இருந்தது. பினாயில் வாசம். நீலத் தொட்டி பின்கட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“அதுல இருந்தது எங்க?” என்று அவளுடைய சித்தியிடம் கேட்டான்.

“அழுகி நாத்தம் எடுத்துச்சு, மாப்பிள்ளை. நாலு பேர் வந்து போற வீடு. இப்பதான் குப்பை வண்டி வந்துச்சு, போட்டுட்டேன்.” அவன் முகத்தைப் பார்த்தாள். “வேணுமா அது?”

“இல்ல.”

தெருமுனை வரை நடந்து போனான். குப்பை வண்டி போய்விட்டிருந்தது. வந்தவர்கள் அவன் ஏன் தெருவில் நிற்கிறான் என்று பார்த்தார்கள். திரும்பி வந்தான்.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் இருந்தாள். தலைமாட்டில் மாமியார் உட்கார்ந்திருந்தார். நேற்று மாலையிலிருந்து அழவில்லை, சாப்பிடவில்லை, ஒரே கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் உள்ளே நுழைந்ததும் மறுபடி கேட்டார்.

“கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னா, மாப்பிள்ளை?”

“வழக்கம்போலதான், அத்தை.”

“வழக்கம்போலன்னா?”

“வேலைக்குப் போறத பத்தி.”

எட்டு மணிக்குக் கமிட்டித் தலைவர் மூன்று விவசாயிகளோடு வந்தார். அறுபது வயது, கழுத்துப் பின்புறம் வெயிலில் வெந்து கறுத்திருந்தது. அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டுவிட்டு ஒருவர் காய்ச்சலுக்கு மருந்து கேட்டுப் பண்ணைக்கே வந்ததும், அவள் மாத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்பியதும் ஊர் முழுக்கத் தெரியும். பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தம்பி, நேத்து பண்ணைக் கொட்டகையிலயே உக்காந்து பேசினோம். எங்க கமிட்டியில டீ எத்தன மணிக்குன்னு கேட்டாலே ரெண்டு கட்சி ஆயிடும். நேத்து எல்லாரும் ஒரே மாதிரி கை தூக்கினோம். பதினேழ விதைக்கு எடுத்துக்கறோம். அறுபது பேரும்.”

அவன் நிமிர்ந்தான்.

“நம்பர் வேணாம்னும் முடிவு பண்ணிட்டோம்.” தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மூட்டையின் படம் வரைந்து, நடுவில் பெரிய எழுத்தில் அவள் பெயரை எழுதியிருந்தார்கள். அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னார். அன்று காலையில் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. எல்லாரும் அவ என்றோ பொண்ணு என்றோதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் தலையைத் தூக்கினார்.

“எம் பொண்ணு பேரா?”

“ஆமாம்மா. வருஷா வருஷம் வெதைப்போம். பேர் இருந்துக்கிட்டே இருக்கும்.”

மாமியார் எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “பேர் சொல்ல ஒரு பிள்ளகூட இல்லாம போயிட்டாளேன்னு நேத்து பூரா நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன், மாப்பிள்ளை.” அப்போதுதான் அழுதார்.

“பத்தரைக்கு வண்டி வந்துடும்,” என்றார் தலைவர். “அதுக்கு முன்னாடி தெருவுல வச்சு எல்லாருக்கும் சொல்லிடறேன். அறுபது வீட்டுலேருந்தும் வராங்க. அந்தப் பெட்டிக்கு முன்னாடி சொல்லிட்டா அப்புறம் மாத்தற பேச்சே கெடையாது. நீங்களும் பக்கத்துல நிக்கணும்.”

“ம்,” என்றான்.

பின்கட்டில் குழாயடியில் பென்சில் குடங்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் போய் நின்றான். ஒரு குடம் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

“பதினேழுல அம்பது கதிர் குறையுது, சார்,” என்றார் குழாயைப் பார்த்தபடி. “போன வாரமே எண்ணிட்டேன். எலியா இருந்தா தாறுமாறா இருக்கும். இது கத்திரி வச்சு வெட்டினது. முளைப்புப் பாக்கத்தான் மேடம் அம்பது எடுப்பாங்க.”

அவன் வாயைத் திறந்தான்.

“சொல்லாதீங்க.” பென்சில் குழாயை மூடினார். “என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லிடாதீங்க, சார். தெரிஞ்சுட்டா என்னால வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாது. பதினேழும் இல்லன்னா, ஒம்பது வருஷம் காசு குடுத்தோம், கையில என்ன இருக்குன்னு கேப்பாங்க. பண்ணைய மூடிட்டு நிலத்த குத்தகைக்கு விட்டுடுவாங்க. ஆறு பேர் இருக்கோம். எனக்கு அம்பத்தி நாலு வயசு. காதுல பென்சில் வச்சிருக்கறவனுக்கு வேற எவன் வேல குடுப்பான்?”

குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவன் கவிழ்ந்திருந்த தொட்டியின் மேல் உட்கார்ந்தான். அலுவலகத்தில் நாற்பது வருட மழைப் பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும். மதியச் சாப்பாட்டின்போது அதற்கு எதிரேதான் உட்காருவான். அறுவடை மாதத்தின் வரிசை அவனுக்கு மனப்பாடம். நான்கு வருடத்துக்கு ஒரு தடவை மழை. சில சமயம் ஐந்து. கடைசி மூன்று வருடம் இல்லை. பெய்யாமல்கூடப் போகலாம். ஒரு வருடம், இரண்டு வருடம் பெயர் இருக்கும்.

பிறகு மில் வாசல் தெரிந்தது. அவளோடு ஒரு தடவை போயிருக்கிறான். வண்டியிலேயே மூட்டையில் குத்தூசியைச் செருகிக் கொஞ்சம் மணியை உருவி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்கள். முளை இருந்தால் கையைத் தட்டிவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்கள். மூட்டை மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள். திரும்பிப் போகிறவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அறுபது வீட்டில்.

கூடத்துக் கடிகாரத்தில் மணி பத்து ஐந்து. தெருவில் நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். தலைவர் திண்டாடிக்கொண்டே ஒவ்வொருவராகக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் உள்ள வாங்க,” என்றான் அவரிடம்.

வீட்டில் ஆள் இல்லாத இடம் சமையலறை மட்டும்தான். அடுப்பு மேடையில் நேற்றைய இரண்டு கோப்பைகளும் கழுவாமல் இருந்தன. கதவை முழுக்கச் சாத்த முடியவில்லை. பின்னால் யாரோ அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“பதினேழு முளைக்குது,” என்றான்.

தலைவர் புரியாமல் பார்த்தார்.

“கதிர்லயே. அம்பதுல முப்பத்தெட்டு. நேத்து காலையில எண்ணினா. நானும் பாத்தேன்.”

“எங்க இருக்கு அது?”

“குப்பை வண்டியில போயிடுச்சு.”

“எழுதி வச்சிருக்காங்களா?”

“கட்டம் காலியா இருக்கு.”

தலைவரின் முகம் இறுகியது. “தம்பி, நேத்து அந்தக் கொட்டகையில மூணு பேர் அழுதாங்க. ஆம்பளைங்க. எம் பக்கத்துல உக்காந்திருந்தவரு டாக்டரம்மா மேல ஒம்பது வருஷமா கொற சொல்லிக்கிட்டிருந்தவரு. அவருதான் முதல்ல பேர் வைக்கணும்னு சொன்னாரு. தெருவுல நிக்கறவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல? புருஷன் வந்து சொல்றாரு, பொண்டாட்டி வேலையில தப்புன்னு. அத்தாட்சி இல்ல. இப்படியா?”

“மூணு வருஷமா எல்லா ரகத்தையும் ஒரே நாள்ல பறிச்சிருக்காங்க. பதினேழு ஒம்பது நாள் லேட்டாமே.”

தலைவர் கதவிடுக்கு வழியாக, “பென்சிலு, இங்க வா,” என்றார்.

பென்சில் வந்து சுவரோரமாக நின்றார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“முளைப்புக்குக் கதிர் பறிக்கறது நீதான?”

“நான்தாங்க.”

“எல்லாத்தையும் ஒரே நாள்லயா?”

“ஒரே நாள்தாங்க. எழுதியே ஒட்டியிருக்கோம் கொட்டகையில.”

“அன்னிக்குப் பதினேழோட கதிர்க் கழுத்து என்ன நெறத்துல இருந்துச்சு?”

பென்சில் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். பார்த்தார். மறுபடி செருகினார்.

“பச்சைங்க,” என்றார். “மூணு வருஷமும்.”

தலைவர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். “பச்சைக் கதிர வாரம் பூரா கெணத்துல போட்டாலும் அசையாதே,” என்றார் மெதுவாக. “இது சின்னப் புள்ளைக்குத் தெரியும். நாப்பது பேர் வருஷா வருஷம் வந்து பாத்தோம். எனக்குத் தோணல. எவனுக்கும் தோணல.”

கதவு அசைந்தது. மாமியார் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அந்தத் தாள் இன்னும் அவர் கையில் இருந்தது.

“மழை பெய்யாமலும் போகலாம் இல்ல, மாப்பிள்ளை?”

“போகலாம், அத்தை.”

“அப்புறம் என்ன? எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?”

“பெஞ்சா அவ பேரச் சொல்லித்தான் திட்டுவாங்க.”

மாமியார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். “உங்களுக்கு வேற கல்யாணம் ஆகும்,” என்றார். “எனக்கு வேற பொண்ணு கெடையாது.” குரலை உயர்த்தவில்லை. தெருவில் ஒரு கனமான வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. யாரோ வலது பக்கம், வலது பக்கம் என்று சொன்னார்கள்.

தலைவர் அவன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அவங்க வாயால என்ன சொன்னாங்களோ அத மட்டும் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் சேக்காதீங்க. கொறைக்கவும் கொறைக்காதீங்க.”

அவன் சொன்னான். ஒரே நாளில் பறித்ததைச் சொன்னான். அதுதான் நியாயம் என்று நினைத்தேன் என்றாள் என்பதைச் சொன்னான். அந்த விதியை எழுதியது நான்தான், கீழே என் கையெழுத்து இருக்கிறது என்றாள் என்பதையும் சொன்னான். கேட்கிறாயா என்று கேட்டாள் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டு, பிறகு அதையும் சொன்னான்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ம்-னேன்.”

தலைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“மில்லுக்குப் போகட்டும்,” என்றார் கடைசியில். மாமியாரிடம் கையை நீட்டினார். அவர் தாளைக் கொடுக்கவில்லை. தலைவர் கையை மடக்கிக்கொண்டார். “நீங்களே வச்சிக்குங்கம்மா. தெருவுல நான் எதையும் சொல்லல. ராத்திரி கொட்டகையில சொல்லிக்கறேன். தப்பு யாரோடதுன்னு கேட்டா, வந்து பாத்த நாப்பது பேரோடதும்னு சொல்றேன்.” பென்சிலைப் பார்த்தார். “அடுத்த வருஷம் பழுக்கப் பழுக்கப் பறி. எத்தன நாள் ஆனாலும் சரி.”

“அடுத்த வருஷமாங்க?” என்றார் பென்சில்.

“பேசிப் பாக்கறேன்னுதான் சொல்ல முடியும்.”

மாமியார் தாளை நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்குப் போனார். பென்சில் பின்னால் போனார். வெளியே வண்டியின் பின்கதவைத் திறக்கும் சத்தம். தூக்குவதற்கு நாலு பேர் வாங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். தலைவர் வாசலில் நின்று திரும்பினார்.

“வேற ஏதாவது சொன்னாங்களா?”

“இல்ல,” என்றான்.

சொல்லியிருந்தாள். கேட் அருகே, வண்டியில் உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. கூட்டத்தில் திட்டுவார்கள், திட்டட்டும் என்றாள். ஹெல்மெட் வாரை மாட்டினாள். அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு எப்போது கிளம்புவாள் என்று நின்றிருந்தான். அவள் அவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை முடி வெட்டிக்கோ. மூஞ்சியே தெரியல.”